வெள்ளை மட்டும் வேண்டாம்

ஆள் இல்லீங்க, உக்காருங்க. பையை இப்படிக் கொடுங்க, நடுவுல வெச்சுக்கலாம். நல்லா சாஞ்சு உக்காருங்க தங்கச்சி, எடம் பத்துதா? முன்னெல்லாம் ரெண்டு பேர் சீட்டுல நான் உக்காந்திருந்தா, பக்கத்துல வர்றவங்க ஒரு பார்வை பாத்துட்டு நின்னுக்கிட்டே வருவாங்க. இப்பப் பாருங்க, உங்களுக்கும் எடம் இருக்கு, பைக்கும் எடம் இருக்கு. இந்த வளையலைப் பாருங்களேன். கல்யாணத்துக்குப் போட்டது, சோப்பு போட்டாத்தான் கழலும். இப்பக் கையைத் தொங்கப்போட்டா விழுந்துடுதுன்னு நூல் சுத்தி வெச்சிருக்கேன்.

நீங்களும் திருச்சிதானா? நல்லதாப் போச்சு. ஒன்றரை மணி நேரம் வாயை மூடிக்கிட்டு வர்றது என்னால ஆகாது. அதுவும் இன்னைக்கு ஆகவே ஆகாது.

ஆஸ்பத்திரிக்குப் போறேங்க. ஸ்கேன் எனக்கு, சீக்கு வீட்டுக்காரருக்கு. அவருக்கு ஈரல் போயிடுச்சு. குடி இல்லீங்க. ஈரல்னு சொன்ன ஒடனே எல்லாரும் அதைத்தான் நெனைக்கறாங்க, வாய்விட்டுக் கேக்கறவங்களும் இருக்காங்க. அந்த மனுஷன் டீயைத் தவிர ஒண்ணும் குடிச்சதில்ல. அவரு உடம்பே அவரு ஈரலைத் தின்னுதாம். அப்படி ஒரு சீக்கு இருக்காம், என்ன பாவம் பண்ணினோமோ. பெரம்பலூர்ல துறைமங்கலம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டற கடை வெச்சிருக்காரு. கலியமூர்த்தி மோட்டார் கடைன்னா யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. பாருங்க, பேரைச் சொல்லிட்டேன். பரவாயில்ல, இனிமே எதுக்கு அதெல்லாம்.

வேற ஈரல் வெச்சாத்தான் பொழைப்பாருன்னுட்டாங்க. முழுசா வேண்டாமாம், ஒருத்தர்கிட்டேருந்து ஒரு துண்டு வெட்டி வெச்சா அது அவருக்குள்ள வளந்துடுமாம். கொடுத்தவங்களுக்கும் மறுபடி வளந்துடுமாம். மூத்த டாக்டரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், என்னோடதை எடுங்கன்னு. எனக்கு ஓ பாசிட்டிவ், யாருக்கு வேணா பொருந்தும். பதினொண்ணு படிக்கற ஒரே பொண்ணு எங்களுக்கு, இலக்கியான்னு பேரு. அவளுக்கு வயசு பத்தாது. அப்புறம் என்ன, பொண்டாட்டி நான் இருக்கேன்ல?

ஸ்கேன் எடுத்தாங்க. எடுத்துட்டு அந்த டாக்டரு என்னைக் கூப்பிட்டு டிவில காட்டறாரு. "இதுதாம்மா உங்க ஈரல். இதுல மூணுல ஒரு பங்கு கொழுப்பு. இதை வெட்டி வெச்சா அவருக்கும் உதவாது, உங்க உயிருக்கும் ஆபத்து." அப்படியே சொன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க. வெளில தெரியற சதையைப் பாத்துத்தான் இத்தனை வருஷமா எல்லாரும் சிரிச்சாங்க. உள்ள இருக்கறதும் அப்படித்தானாம். டிவி போட்டுக் காட்டறாங்க. அந்த ரூம்லயே புடவைத் தலைப்பை வாயில வெச்சுக்கிட்டு அழுதேன்.

அந்த டாக்டரு நல்ல மனுஷன். ஒரு மாசம் தர்றேன், எடையைக் குறைச்சு ஈரலைச் சுத்தம் பண்ணிட்டு வாங்கன்னாரு. அதுக்கு மேல உங்க வீட்டுக்காரர் உடம்பு தாங்காதுன்னாரு. அப்புறம் இன்னொண்ணும் சொன்னாரு, அதைப் பின்னாடி சொல்றேன்.

கண்டக்டர் தம்பி, எனக்கு முன்னாடியே வாங்கிட்டேன். இவங்களுக்குத் திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட்.

எங்க விட்டேன்? ஆங், டயட்டு. அந்த ஆஸ்பத்திரியிலேயே கீழ டயட் சொல்றதுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. வாசல்ல பெஞ்சு. அந்தப் பெஞ்சுல நான் உக்காந்திருந்த அன்னைக்கு வரிசையா பொம்பளைங்கதான். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே, ஒவ்வொருத்தரையா எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். ஒருத்தி பேங்க்ல வேலை, சின்னப் பொண்ணு. கொழந்தை நிக்கலைன்னு வந்திருக்கா. மாமியார் தைப்பொங்கலுக்குள்ளன்னு கெடு வெச்சிருக்காளாம். இன்னொரு அம்மா, பொண்ணு கல்யாணத்துக்கு. சம்பந்தியம்மா ஒல்லியாம், மேடையில பக்கத்துல நின்னா போட்டோ கெட்டுப் போயிடும்னு சம்பந்தியம்மாவே சொல்லியிருக்கு. ஓரத்துல இன்னொருத்தி. "அவரு இப்பல்லாம் என்கூட வெளில வர்றதில்லக்கா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அவங்க பண்ணாத டயட் இல்லீங்க. கொள்ளு, சியா வெதை, பட்டைத் தண்ணி, ஓமத் தண்ணி, சோத்தையே நிறுத்திட்டுக் கறியா தின்னறது, கறியை நிறுத்திட்டுப் பழமா தின்னறது. எது ஒடம்புக்கு ஒத்துக்கும்னு யாரும் பாக்கலை. பக்கத்து வீட்டுக்காரி எதுல எளைச்சாளோ அது. புருஷன் எதைச் சொன்னானோ அது. எனக்கு ஒரு பக்கம் பாவமா இருந்துச்சு, ஒரு பக்கம் எரிச்சலா வந்துச்சு. யாரோ என்னைக்கோ சொன்ன ஒரு சொல்லைப் பிடிச்சுக்கிட்டு இப்படியா வயித்தைக் காயப்போடுவாங்க? நான் அப்படி இல்லீங்க. நான் ஒரு உயிருக்காக வந்தவ. அவங்ககிட்டயும் சொன்னேன். சொன்ன ஒடனே எல்லாரும் எழுந்து, நீங்க முதல்ல போங்கக்கான்னு வழி விட்டுட்டாங்க.

உள்ள ஒரு சின்னப் பொண்ணு. என் பொண்ணைவிட நாலஞ்சு வயசு கூட இருக்கும். ஆன்ட்டி ஆன்ட்டின்னு நல்லாத்தான் பேசுச்சு. காலையில முட்டை, மத்தியானம் மீனு, கீரை, சுண்டல், சாயங்காலம் நடக்கணும். கேட்டுக்கிட்டே வந்தேன், தலை சுத்துச்சு. "கண்ணு, எனக்கு இவ்வளவு நெனப்பு நிக்காது, ஒரே வார்த்தையில சொல்லு"ன்னேன். அது சிரிச்சுக்கிட்டே, "சரி ஆன்ட்டி, வெள்ளையா இருக்கறது எதையும் தொடாதீங்க. வெள்ளைச் சோறு, மைதா, சீனி, இதெல்லாம் வேண்டாம். அதுவே போதும்"னுச்சு. நான் ஒடனே, "முட்டைகூட வெள்ளைதானே"ன்னேன். அந்தப் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சேன். அந்த ஆஸ்பத்திரிக்குள்ள நான் சிரிச்சது அன்னைக்கு ஒரு நாள்தான்.

வெள்ளை மட்டும் வேண்டாம். கெட்டியாப் பிடிச்சுக்கிட்டேன்.

அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குத் திரும்பறேன், இதே ரோடு, சமயபுரம் கிட்ட பஸ் நகர மாட்டேங்குது. ஜனம்னா ஜனம், தலையில பூத்தட்டு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, மாசி கடைசி ஞாயித்துக்கிழமை, பூச்சொரிதல். உங்களுக்குத் தெரியுமா, அன்னைக்குத்தான் அம்மன் பச்சைப் பட்டினி ஆரம்பிக்கறா. மத்த சாமிக்கெல்லாம் நாம விரதம் இருப்போம். இவ நமக்காக விரதம் இருக்கறவ. பங்குனி கடைசி ஞாயிறு வரைக்கும் அவளுக்குச் சோறு கெடையாது. துள்ளுமாவு, பானகம், நீர்மோர், எளநீர், அவ்வளவுதான்.

எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு தங்கச்சி. டாக்டரு சொன்னது ஒரு மாசம். அம்மன் இருக்கறதும் ஏறக்குறைய ஒரு மாசம். இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்? அங்கேயே எறங்கிட்டேன். கூட்டத்துல நசுங்கி உள்ள போயி, "தாயே, நீ என்ன சாப்பிடறியோ அதுதான் எனக்கும். என் ஈரலைக் கழுவிக் கொடு"ன்னு வேண்டிக்கிட்டு வந்தேன்.

அந்தப் பொண்ணு சொன்ன முட்டையும் மீனும் விரதத்துக்கு ஆகுமா? அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது. போன் பண்ணி, முட்டை சாப்பிடறீங்களா ஆன்ட்டின்னு கேக்கும்போதெல்லாம் ஆமா ஆமான்னு சொல்லிட்டேன். பாவம், நல்ல பொண்ணு, எதுக்கு அதுக்கு மனக்கஷ்டம்? ஆனா அது சொன்ன சொல்லையும் நான் மீறலீங்க. வெள்ளை வேண்டாம்னுச்சா, நீர்மோரு வெள்ளைதானே, அதை விட்டுட்டேன். பசி உசிர் போகுது, வீட்ல மோர் பானை இருக்கு, ஒரு வாய் தொடல. துள்ளுமாவு பச்சரிசிதான், ஆனா வெல்லத்தைப் போட்டு இடிச்சா பழுப்பாயிடுதே. வெல்லமும் சும்மா இல்ல. மஞ்சளா இருக்கறது மருந்து போட்டதுன்னு சொல்லுவாங்க, அதனால கறுப்பு வெல்லமாத் தேடி வாங்கினேன். காலையில ரெண்டு உருண்டை, மத்தியானம் ரெண்டு. நடுவுல பானகம். தலை கிறுகிறுன்னு வந்தா பானகம், கை நடுங்கினா பானகம். அது உள்ள போன ஒடனே கண்ணு தெளிவாயிடும், அவளே வந்து தலையைத் தடவிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

எளைச்சேன்ல? நீங்களே பாருங்க, எளைச்சிருக்கேன்ல? முதல் வாரத்துலேயே ரவிக்கை தொளதொளன்னு ஆயிடுச்சு. அந்தப் பொண்ணு எடையைக் கேட்டுட்டு, சூப்பர் ஆன்ட்டின்னுச்சு.

சிறுவாச்சூர் தாண்டிட்டோமா? சரி, சரி.

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு தங்கச்சி. பூங்கோதை. லால்குடில கட்டிக் கொடுத்திருக்கு. அவளும் நானும் ஒரு வயசுதான், ஆனா பாத்தா அவளை என் பொண்ணும்பாங்க. ரெண்டு பெத்தும் இடுப்பு அப்படியே இருக்கு. வெடியகாலையில எழுந்து காவேரிக் கரையோரம் நடக்கறவ. அதை நம்மகிட்ட சொல்லாம ஒரு நாளும் இருக்க மாட்டா. எனக்கு அவ மேல ஒரு காழ்ப்பும் கெடையாது. நான் அதையெல்லாம் மறந்துட்டேன்.

இலக்கியாவுக்குக் காது குத்தினோம், மண்டபத்துல. முதல் பந்தியில என்னை உக்கார வெச்சாங்க, நான் பொண்ணோட அம்மா இல்லியா. இவ பந்தி விசாரிக்கறா. இலை போட்டுக்கிட்டே வந்த ஆள் என் முன்னாடி ஒரு இலையைப் போட்டான். இவ அங்கேருந்தே சத்தமா, "எங்க அண்ணிக்கு ரெண்டு இலை சேத்துப் போடுங்கண்ணே, ஒண்ணு பத்தாது"ன்னா. பந்தி முழுக்கச் சிரிச்சுது. ரொம்பச் சிரிச்சது யாரு தெரியுமா? எங்க வீட்டுக்காரருதான். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். சிரிக்காம? விசேஷத்துல நாலு பேருக்கு முன்னாடி அழுவாங்களா? அதுக்கப்புறம் நான் எந்தப் பந்தியிலேயும் உக்காந்ததில்ல. வேலை இருக்கு வேலை இருக்குன்னு ஓடிட்டு, கடைசியா சமையக்கட்டுல நின்னுக்கிட்டே வாயில போட்டுக்குவேன். இப்பத்தான் என்னமோ பேச்சு வந்துச்சேன்னு சொன்னேன். நான் அதை நெனைக்கறதே இல்ல.

அவரு என்னைக் குந்தாணின்னுதான் கூப்பிடுவாரு, நெல்லு குத்தற உரல் கணக்கா இருக்கேன்னு. ஆசையாத்தான். கடைக்கு வர்றவங்க முன்னாடியும் அப்படித்தான், "ஏ குந்தாணி, டீ கொண்டா"ம்பாரு. தையல்நாயகின்னு எனக்குப் பேர் இருக்கறதே ரேஷன் கடைக்காரனுக்குத்தான் தெரியும். ஆபரேஷன் முடியட்டும் தங்கச்சி. அவரு வயித்துக்குள்ள என் ஈரல் இருக்கட்டும். அதுக்கப்புறம் அவரு என்னைக் குந்தாணின்னு கூப்பிடட்டும், பாக்கலாம். கூப்பிடற வாய்க்கு ரத்தம் எங்கேருந்து போகும்? நான் கொடுத்ததுலேர்ந்துதானே? காலையில கண்ணாடி முன்னாடி சட்டையைக் கழட்டினா அந்தத் தழும்பு தெரியணும். தெரிஞ்சா என் நெனப்பு வரணும். இந்த ஒரு மாசமா பசி தாங்காம நான் சுருண்டு படுக்கும்போதெல்லாம் இதைத்தான் நெனைச்சுக்குவேன், பசி அடங்கிடும்.

டாக்டரு இன்னொண்ணும் சொன்னாருன்னு சொன்னேன்ல? கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க, எதுக்கும் டெஸ்ட் பண்ணி வெச்சுக்கலாம்னாரு. பூங்கோதையும் போன் பண்ணினா. "அண்ணி, எனக்கும் அண்ணனுக்கும் ஒரே ரத்தம், நான் வரட்டா?"ன்னா. நான் நல்ல விதமாத்தான் பதில் சொன்னேன். டாக்டரு என்னோடதே போதும்னுட்டாரும்மா, நீ புள்ளைகளைப் பாருன்னேன். பொய்யின்னு சொல்ல முடியாதுங்க. கொழுப்பு கரைஞ்சா என்னோடது போதும்தானே? மறுபடியும் ரெண்டு தடவை கேட்டா. இலக்கியாகிட்டகூடக் கேட்டிருக்கா. நான் விடல.

நீங்களே யோசிச்சுப் பாருங்க. அவ ஈரல் அவருக்குள்ள போச்சுன்னா என்ன ஆகும்? அவ சொல்லிக் காட்டினா பரவாயில்ல. சொல்ல மாட்டா. ஒரு வார்த்தை சொல்லாம, பொங்கலுக்கு வந்து கூடத்துல சிரிச்சுக்கிட்டு நிப்பா. நான் அவளுக்கு டீ கொண்டு போயிக் கொடுக்கணும். கட்டின பொண்டாட்டிக்குக் கொடுக்க வக்கில்ல, ஈரல்லேயும் கொழுப்புன்னு ஊரு பேசும். அதுக்கு நான் உசிரோட இருக்கணுமா?

இல்ல, அதுக்காக நான் பட்டினி கெடக்கல. அவரு பொழைக்கணும். அதுக்காகத்தான்.

அவரு ரொம்ப மோசமாயிட்டாரு தங்கச்சி. ஒரு வாரமா ஆஸ்பத்திரிலதான் கெடக்காரு. பரீட்சை முடிஞ்சதுனால பொண்ணு கூட இருக்கா. கண்ணு ரெண்டும் மஞ்சக் கெழங்கா இருக்கு, வயிறு மட்டும் ஊதிக்கிட்டே போகுது. ஈரல் சுத்தம் பண்ணாத ரத்தம் மூளைக்கு ஏறுதாம், ஆளே தெரிய மாட்டேங்குது. முந்தாநாள் பக்கத்துல உக்காந்து கஞ்சி கொடுக்கறேன். என் மூஞ்சியைப் பாத்து, "நீங்க யாருங்க?"ன்னாரு. ஒரு நேரம் காயில் கட்டற மாதிரியே வெரலைச் சுத்திக்கிட்டு இருக்காரு. இன்னொரு நேரம் பூங்கோதை, பூங்கோதைன்னு கூப்பிடறாரு. என்னைக் கூப்பிடல. குந்தாணின்னாவது கூப்பிட்டிருக்கலாம், வந்திருப்பேன்ல.

இந்த வாரத்துக்குள்ள பண்ணியாகணும்னுட்டாங்க. அதுக்குத்தான் இன்னைக்கு ஸ்கேன். அம்மன் விரதம் முடிய இன்னும் ஞாயித்துக்கிழமை வரணும், ஆனா கொழுப்பு இதுக்குள்ள போயிருக்கும். போகாம? நான் சோத்தைக் கண்ணால பாத்து ஒரு மாசம் ஆகுது.

ஒண்ணே ஒண்ணுதான் மனசை அரிக்குது. ஸ்கேனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்தாங்க, நேத்து அந்த டயட் பொண்ணு போன் பண்ணுச்சு. "ஆன்ட்டி, ரத்தத்துல கொழுப்பு போன தடவையைவிட ஏறியிருக்கே, இனிப்பு ஏதாவது சாப்பிடறீங்களா?"ன்னு. நான் சண்டைக்கே போயிட்டேன். சீனியைக் கையால தொட்டிருந்தா என் கையை வெட்டிடறேன்னேன். அந்த லேப்ல என்ன மெஷினோ, யாரு ரத்தத்தை யாரு பேர்ல எழுதினாங்களோ. இன்னைக்கு ஸ்கேன்ல தெரிஞ்சுடும்ல?

இருங்க, தலை ஒரு மாதிரி வருது. இந்தப் பாட்டிலைக் கொஞ்சம் தெறந்து கொடுங்க தங்கச்சி, கையில பலமே இல்ல. ஆங். நீங்களும் ஒரு வாய் குடிங்க. எச்சில் பண்ணல, தூக்கித்தான் குடிச்சேன். அம்மன் பானகம், வேண்டாம்னு சொல்லக்கூடாது.

என்ன கேட்டீங்க? எத்தனை பாட்டிலா? ஒரு நாளைக்கு நாலு ஆகும், அஞ்சும் ஆகும், வெயில் நாளுல்ல. வெல்லமா? வெல்லம் இல்லாம பானகமா? சரியாப் போச்சு. பாட்டிலுக்கு ஒரு அச்சு நுணுக்கிப் போடுவேன், அப்பத்தான் தெம்பு.

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

வெல்லம் வேற, சீனி வேறங்க. சீனி வெள்ளை. வெல்லம் அப்படியா? வெல்லம் மருந்துல்ல, இரும்புச்சத்துல்ல. ஈரலுக்கு நல்லதுன்னு நானே எங்கேயோ கேட்டிருக்கேன்.

நீங்க யாரு, டீச்சரா?

நர்ஸா?

ஏறினப்பவே சொல்லக்கூடாதாங்க? நான் பாட்டுக்கு எதையோ உளறிக்கிட்டு வர்றேன். இல்ல, நீங்க சொல்லுங்க, சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க, எனக்குக் காதுல ஏறல. இனிப்புதான் ஈரல்ல கொழுப்பா மாறுதா? எண்ணெய்தானேங்க கொழுப்பு? நெய்தானே கொழுப்பு? நான் ரெண்டையும் தொடலையே. வெல்லமும் உள்ள போனா சீனிதானா? கறுப்பா இருந்தாலுமா? அந்த மாவுமா? பச்சரிசியுமா? மோர் குடிச்சிருக்கலாமா?

மோர் குடிச்சிருக்கலாமா!

ஆனா நான் எளைச்சேனேம்மா. இந்த வளையலைப் பாரு. இது பொய்யா? தசை போச்சா? கையும் காலும் கரைஞ்சு போச்சு, கொழுப்பு அப்படியே உக்காந்திருக்குன்னா சொல்றே? அப்ப நான் எதைப் பட்டினி போட்டேன்? எதைப் போட்டேன்னு சொல்லு.

தப்பா எடுத்துக்காத, நீ வான்னு வாய் வந்துடுச்சு. எனக்கு இப்ப ஒண்ணும் புரியல.

அம்மன் இதைத்தானே குடிக்கறா, சொல்லும்மா. ஊருக்கெல்லாம் சேத்து அவ கெடக்கறா, அவளுக்கு ஒண்ணும் ஆகல. நான் ஒருத்தருக்காகக் கெடந்தேன். ஒரே ஒருத்தருக்காக. அதுகூடவா எனக்குக் கூடாது? அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்குமே. போன் பண்ணிப் பண்ணிக் கேட்டுச்சே. முட்டை திங்கறேன்னு சொன்னேனே நானு!

ஸ்கேன்ல கரைஞ்சிருக்கலாம்ல? கொஞ்சமாவது? நீ பத்துப் பேரைப் பாத்திருப்பே, ஒருத்தருக்காவது கரைஞ்சிருக்கும்ல? இல்லன்னா எத்தனை நாளு ஆகும் மறுபடி? இன்னொரு மாசமா. இன்னொரு மாசம் அவரு எங்க இருப்பாரு? வெரலைச் சுத்திக்கிட்டு இருக்காரும்மா. நேத்துக் காலையில சுத்திக்கிட்டு இருந்தாரு, சாயங்காலம் அதையும் நிறுத்திட்டாரு.

என்ன கேக்கறே? வேற யாரு இருக்காங்கன்னா?

அதான் சொன்னேனே.

சும்மா இரு. கொஞ்சம் சும்மா இரு. ஜன்னலைத் தெற.

பாடாலூர் வந்துடுச்சா? லால்குடிலேர்ந்து திருச்சிக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முக்கால் மணி நேரமா? ஆட்டோ பிடிச்சா இன்னும் சீக்கிரமா? நம்ம போறதுக்குள்ள அவ போயிடுவா இல்ல? இன்னைக்கே டெஸ்ட் எடுத்தா, இன்னைக்கே சொல்லிடுவாங்களா? நாளைக்கா? நாளைக்குன்னா பரவாயில்ல. நாளைக்குத் தாங்குவாரு. தாங்குவாருன்னு சொல்லும்மா.

இந்தா போன். 'பூ'ங்கற எழுத்துல தேடினா பூங்கோதைன்னு இருக்கும் பாரு. என்னால முடியாது, நீ பேசு. நான் பேசினேன்னா வேற என்னமாவது சொல்லிடுவேன், என் வாயை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிலேர்ந்து பேசறேன்னு சொல்லு. என் ஈரல் ஆகலைன்னு சொல்லாதே. அம்மன் உத்தரவு கொடுக்கலைன்னு சொல்லு. இல்ல, அவ சிரிப்பா. டாக்டரு மாத்திச் சொல்லிட்டாருன்னு சொல்லு. ஐயோ, என்னத்தையாவது சொல்லு, அவ வந்தாப் போதும். வரச் சொல்லு. கெஞ்சறாங்கன்னு சொல்லு. நான் கெஞ்சறேன்னே சொல்லு.

மணி அடிக்குதா?

எடுத்துட்டாளா?

என்னங்கறா? வர்றாளா? கெளம்பிட்டேங்கறாளா? அப்புறம் என்ன கேக்கறா? இரைச்சல்ல கேக்கல, சத்தமா சொல்லு. அண்ணி ஏதாவது சாப்பிட்டாங்களான்னா?

பாத்தியா, பாத்தியா. அவ அண்ணன் அங்க செத்துக்கிட்டுக் கெடக்கான், இப்பவும் என் சாப்பாட்டைத்தான் கேக்கறா.

அழறாளா? அவ எதுக்கு அழறா?

இல்லைன்னு சொல்லு. சாப்பிடலைன்னு சொல்லும்மா. ஒரு மாசமா அண்ணி ஒண்ணும் சாப்பிடலைன்னு சொல்லு. அவளையும் ஒண்ணும் சாப்பிடாம வரச் சொல்லு, போன ஒடனே ரத்தம் எடுக்கணும்.